சட்டியோட வைங்க

சட்டி செய்கிறவர்களுக்கு ஊர் உலகத்தில் ஒரே கவலைதான்: சட்டி உடைந்துவிடக் கூடாது. பாலம்மாவின் கவலை அதற்குத் தலைகீழ். அவள் செய்கிற சட்டி உடைந்தே ஆக வேண்டும், அதுவும் நேரம் பார்த்து உடைய வேண்டும். பழமரக் கன்றைச் சுமந்துகொண்டு மண்ணுக்குள் இறங்கி, முதல் மழைக்கு இளகி, அடுத்த மழைக்கு வேருக்கு வழி விட்டு, ஒரு வருஷத்துக்குள் மண்ணோடு மண்ணாகிவிட வேண்டும். அப்படிப் போகாததைச் சட்டி என்று யாராவது சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பத்து வருஷம் கொழுந்து பறித்தவள் பாலம்மா. பொலித்தீன் பையில் வந்த கன்றுகள் செத்துப்போவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்கு இந்தச் சட்டி யோசனை வந்தது. பையைக் கிழிக்கும்போது மண் கொட்டும், வேர் அறும், கன்று நாலு நாளில் தலையைத் தொங்கப் போடும். கிழித்த பை பிறகு தண்ணீர்க் கானெல்லாம் மிதக்கும். அவள் மாட்டுச் சாணத்தையும் தும்புத் தூளையும் தொழிற்சாலையில் கழித்துப்போடும் தேயிலைத் தூசியையும் கலந்து, மரவள்ளிக் கூழ் காய்ச்சி ஊற்றிப் பிசைந்தாள். ஒரு பால்மா டின்தான் அச்சு. நடுவில் இறக்க ஒரு மரக்கட்டை. ஈரம் காயுமுன் விளிம்பில் வலது கட்டைவிரலை ஒரு தடவை அழுத்துவாள், பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி. அந்தக் குழி இருந்தால் அது பாலம்மா சட்டி.

மடவளையில் நர்சரி வைத்திருக்கும் ஹாஷிம் நானா முதலில் சிரித்தார். சாணியில் சட்டியா என்றார். பிறகு பத்துக் கன்றை அதில் வைத்துப் பார்த்தார், பத்தும் பிழைத்தது. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. "தங்கச்சி, இன்னும் நூறு செஞ்சி தாங்க" என்றார்.

அன்றிலிருந்து பாலம்மாவின் வாயைப் பிடிக்க முடியாமல் போனது. உண்மையைச் சொல்ல வேண்டுமே, அவளுக்குக் கொஞ்சம் வாய்த்திமிர் உண்டு. "என் கண்ணுல படாம ஒரு சிட்டிகை உள்ள போகாது" என்பாள். "பையின்னா கிழிக்கணும், இது என் சட்டி. சட்டியோட வைங்க!" என்பாள். தோட்டத்தில் சின்னப் பிள்ளைகள்கூட அவளைக் கண்டால் "சட்டியோட வைங்க" என்று கத்திவிட்டு ஓடும். அவள் துரத்துவாள், உள்ளுக்குள் குளிர்ந்துபோய்.

கூழ் காய்ச்சுவதும் சாணம் சுமப்பதும் தம்பி ராஜலிங்கத்தின் பாடு. த்ரீவீல் ஓட்டுகிறவன், கூடப் பிறந்தது அவன் ஒருவன்தான். பாலம்மாவின் புருஷன் கொழும்பில் கடை வேலை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவான். ஆகவே எதற்கெடுத்தாலும் தம்பிதான். ராஜலிங்கத்தின் கை ராசியான கை என்று தோட்டமே சொல்லும். அவன் எறிந்த பூசணி விதைகூடக் கூரை ஏறிக் காய்க்கும். யார் வீட்டில் எது நடுவதென்றாலும், ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அவனைக் கூப்பிட்டு, முதல் குழியில் அவன் கையால் வைக்கச் சொல்வார்கள். அவனும் செருப்பைக் கழற்றி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வைப்பான்.

நாற்பது குடும்பங்களுக்குத் தனி வீடு கிடைத்த வருஷம் அது. நாலு தலைமுறை லயத்து ஒற்றையறைக் காம்பராவில் கிடந்த சனத்துக்கு ஆளுக்கு ஏழு பேர்ச் காணி. வீட்டுக்கு ஒரு அவகாடோவும் ஒரு தோடை ஆரஞ்சும் கொடுப்பதாக வீட்டுத் திட்டத்துக்காரர்கள் சொன்னார்கள், அதுவும் பாலம்மாவின் சட்டியில். எண்பது சட்டி. ஹாஷிம் நானா கன்றுகளை அதில் ஏற்றி, ஐந்து மாதம் வளர்த்துத் தருவதாக ஏற்பாடு.

முதலில் கொண்டுபோன எண்பதில் பாதி வத்தேகம வளைவுகளில் குலுங்கியே நொறுங்கிப்போனது. மிச்சமும் விரிசல் விட்டிருந்தது, எண்பதையும் ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், திரும்பச் செய்து கொடுக்க வேண்டும். அந்தக் கிழமை பார்த்துத்தானா கண்டியில் கண்காட்சி வர வேண்டும்! வாவிப் பக்கத்து மண்டபத்தில் மூன்று நாள், பாலம்மா தன் சட்டிகளோடு நிற்க வேண்டும் என்று கடிதமே வந்திருந்தது. அவள் கட்டுக்கலையில் சின்னம்மா வீட்டில் தங்கிக்கொண்டு போய் நின்றாள். "கூழ மட்டும் கொஞ்சம் கெட்டியா காய்ச்சுடா, தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சான்றிதழோடு அவள் திரும்பி வந்தபோது எண்பது சட்டியும் தகரத்தில் காய்ந்து, அடுக்கி, மடவளைக்கே போய்விட்டிருந்தது. ஒன்றுகூட உடையவில்லை என்று ஹாஷிம் நானா போனில் சொன்னார்.

ஐந்து மாதம் கழித்து, கன்று வைக்கும் நாளில் தனிவீட்டு வரிசையே கல்யாணக் களையாக இருந்தது. யாரோ கேட்டார்கள், "எல்லாச் சட்டியும் நீயா செஞ்ச, பாலம்மா?" தம்பி செய்தான் என்று சொல்லியிருந்தால் நாக்கு அழுகியா போயிருக்கும்? சொல்லவில்லை. கண்டியில் கைதட்டு வாங்கி வந்த தலைக்கனம். "எல்லாம் என் கையால செஞ்சது. விளிம்பப் பாருங்க, என் விரல் இருக்கும்" என்றாள். பக்கத்தில் நின்ற ராஜலிங்கம் சிரித்துக்கொண்டான்.

முதல் கன்று வீரய்யா வீட்டில். வீரய்யாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, இடுப்பு விழுந்து, தோட்ட வேலையிலிருந்து பெயர் நின்றவர். ஆயுள் முழுக்கத் தோட்டத்துக்காக மரம் நட்டவர், தனக்கென்று ஒன்று நட்டதில்லை. அவர் மனைவி ரத்தினம்மா வெற்றிலைத் தட்டை நீட்டினாள். "ராசிக் கைக்காரா, ஒன் கையால வை" என்றாள். ராஜலிங்கம் செருப்பைக் கழற்றினான், மண்ணைத் தொட்டுக் கும்பிட்டான். "சட்டியோட வைங்க!" என்று பாலம்மா சத்தம் போட, எல்லாரும் சிரிக்க, அவன் சட்டியோடு வைத்தான். வீரய்யா அழுதுவிட்டார். அப்படியே நாற்பது வாசல். பொழுது சாயும் நேரத்துக்குத்தான் பாலம்மாவின் சொந்தக் காணிக்கு வந்தார்கள். அதற்குள் அவளுக்குக் கால் வலி.

"நீ போய் தேத்தண்ணி போடு அக்கா, நான் வச்சுட்டு வர்றேன்" என்றான் தம்பி.

அவள் போனாள். வந்து பார்த்தபோது கன்று நின்றது, மண் இறுகத் தட்டித் தண்ணீரும் ஊற்றியிருந்தான். தம்பி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அவள் அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

இரண்டு வருஷம் போனது. பாலம்மாவின் அவகாடோ கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. பக்கத்துக் காணியில் ராஜலிங்கத்தின் மரமும் அப்படியே. மற்ற வீடுகளிலோ முழங்கால் உயரத்துக்கு மேல் ஒன்றும் எழும்பவில்லை. இலை மஞ்சள் பூத்து, தளிர் வந்த வேகத்தில் கருகும். ஆறேழு கன்று பட்டே போனது. சனம் பாலம்மாவிடம் வந்து கேட்டது. அவள் விட்டுக்கொடுப்பாளா?

"சட்டியில என்ன குத்தம்? என் மரத்தப் பாருங்க, என் தம்பி மரத்தப் பாருங்க. அதுவும் அதே சட்டிதான்!" என்றாள். வீரய்யாவை எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டாள். "மாமா, மரத்துக்குத் தண்ணி ஊத்தச் சொன்னா, கோயில் ஐயர் தீர்த்தம் தெளிக்கிற மாதிரி தெளிச்சா எப்படி வளரும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீரய்யாவும் சிரித்து வைத்தார். அடுத்த நாளிலிருந்து அந்த மனிதர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பைப்படியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினார். பாலம்மா தன் வாசலில் இருந்தபடியே அதைப் பார்த்தாள். இப்போதாவது புத்தி வந்ததே என்றுதான் நினைத்தாள், பாவி.

ஆடி மாதம். மூன்று நாளாகக் காற்று தகரத்தைப் பிய்த்து எடுத்தது. நாலாம் நாள் காலையில் பாலம்மா கதவைத் திறந்தால், வாசலில் வீரய்யா நிற்கிறார், பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதுபோல இரண்டு கையிலும் அவகாடோக் கன்றை அணைத்துக்கொண்டு.

"காத்துல சாஞ்சிருச்சு, பாலம்மா. நான் ஒண்ணும் பண்ணல. தண்ணி கூடிப்போச்சோ என்னமோ" என்றார். குற்றம் செய்தவர் மாதிரி குரல் கம்மியிருந்தது.

கன்றின் அடியில் சட்டி இருந்தது. முழுசாக. இரண்டு வருஷம் மண்ணுக்குள் கிடந்து, இத்தனை மழை கண்டு, ஒரு கீறல் இல்லாமல், நேற்று அச்சிலிருந்து தட்டி எடுத்த மாதிரி இருந்தது.

பாலம்மா கையால் அழுத்தினாள், அசையவில்லை. கல்லில் தட்டினாள், டங்கென்றது. சாணிச் சட்டி டங்கென்று சொல்லுமா? அலவாங்குக் கடப்பாரையை எடுத்து வந்து ஓங்கிப் போட்ட மூன்றாவது போட்டில்தான் ஒரு பக்கம் பிளந்தது. உள்ளே மண்ணையே காணோம், முழுக்க வேர். வெளியே வர வழி தேடி, சுற்றிச் சுற்றி, தன்னையே நெரித்துக்கொண்டு கிடந்தது. வீரய்யா எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, இது இவ்வளவு நாளா உள்ளயேவா இருந்துச்சு?" என்றார்.

பாலம்மா விளிம்பில் இருந்த குழியில் தன் கட்டைவிரலை வைத்தாள். விரல் குழிக்குள் ஆடியது. குழி பெரிது. அவள் கண்டியில் நின்ற மூன்று நாளில் செய்த சட்டிகள் இவை, அது தம்பியின் விரல்.

"போங்க மாமா, நான் பாக்குறேன்" என்று மட்டும் சொல்லி அவரை அனுப்பினாள்.

உடைந்த துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு அடுத்த பஸ்ஸிலேயே மடவளைக்குப் போனாள். ஹாஷிம் நானா துண்டைக் கையில் வாங்கி எடை பார்த்தார். வேலியோரத்து மரத்தில் ஒரு எலுமிச்சங்காயைப் பறித்து, அறுத்து, துண்டின் மேல் பிழிந்தார். சாறு பட்ட இடம் புசுபுசுவென்று நுரைத்தது.

"சீமெந்து ஈக்கிது, தங்கச்சி" என்றார்.

"இருக்காது நானா. மண்ணுல எதாச்சும்..."

"மண்ணுல எங்க சீமெந்து மொளச்சிச்சு? அன்டைக்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்த. அஞ்சு மாசம் ஆகியும் ஒரு வேர் வெளிய தலகாட்டல்ல. ஒங்கட தம்பிக்கிட்ட நான் கேட்ட. இந்த முற கூழ் கெட்டின்டு சொன்னார். ஒங்கட தம்பிதானேன்டு நானும் உட்டுட்டேன்." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "சொணங்க வாணாம். எல்லாத்தயும் தோண்டி சட்டிய ஒடைங்க. சுத்தின வேர வெட்டிட்டு திரும்ப வெச்சா, பாதியாச்சும் தப்பும்."

திரும்பி வரும்போது பஸ் குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலுக்கும் பாலம்மா தம்பிக்காக ஒரு காரணம் கண்டுபிடித்தாள். கடையில் வாங்கிய கூழ் மாவில் கலப்படம் இருந்திருக்கலாம். யாராவது பொறாமையில் போட்டிருக்கலாம். அவனுக்குத் தெரியாமலே நடந்திருக்கலாம். மடுல்கெல்லையில் இறங்கும்போது அவள் அவனை முழுசாக மன்னித்தே விட்டிருந்தாள். பிறகு அவன் வாசலைக் கடக்கும்போது அவன் மரம் கண்ணில் பட்டது. ஆள் உயரத்துக்கு மேல், பச்சைப் பசேலென்று நின்றது.

அதுவும் அதே சட்டிதானே?

அவள் நின்றாள். வீட்டில் யாரும் இல்லை. மரத்தடியில் குந்தி, கையாலேயே மண்ணைப் பறித்தாள். ஒரு சாண் ஆழம், இரண்டு சாண். விளிம்பு தட்டுப்பட வேண்டிய இடத்தில் விரல் போல வேர்கள்தான் தட்டுப்பட்டன, நாலா பக்கமும் சுகமாகப் படர்ந்திருந்தன. சட்டி இல்லை. மண்ணில் கரைந்த சட்டியும் இல்லை, அந்தச் சட்டி கரையாதே. வைக்கும்போதே கழற்றி எடுத்திருக்கிறான்.

அவள் மண் கையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். த்ரீவீல் வந்து நின்றது. ராஜலிங்கம் இறங்கி, அக்காவையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தான். எல்லாம் புரிந்துவிட்டது அவனுக்கு.

"ஒரு செரட்ட சீமெந்துதான் அக்கா போட்டேன்" என்றான்.

"ஒரு செரட்டைக்கு இப்படி இறுகுமாடா?"

"மூணு... மூணு நாலு இருக்கும். முதல் தடவ பாதி ஒடஞ்சு போச்சுல்ல. திரும்பவும் ஒடஞ்சா வேற ஆளுக்குக் குடுத்துருவோம்னு திட்டத்துக்காரங்க சொன்னாங்க. நீ கண்டியில நின்ன. ஒன் பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான் அக்கா..."

"வேர் செத்துரும்னு தெரியாதா?"

"ஒடச்சுக்கிட்டு வந்துரும்னு நெனச்சேன்."

"அப்ப ஒன் மரத்துல ஏண்டா கழட்டின?"

அவன் முகம் ஆறு வயதில் பால்மாவைத் திருடித் தின்றுவிட்டு நின்ற அதே முகம். அந்த முகத்துக்கு அவள் எத்தனையோ தடவை தோற்றிருக்கிறாள். இந்தத் தடவையும் ஒரு கணம் தோற்கத்தான் பார்த்தாள். அதற்குள் அவன் சொன்னான்:

"ஒன்னோடதையும் கழட்டிட்டுத்தான் அக்கா வச்சேன். நீ தேத்தண்ணி போடப் போனப்ப. ஒனக்குக் கெடுதல் பண்ணுவேனா நான்?"

தன் மரத்தைப் பற்றி அவள் இந்த நிமிஷம்வரை நினைக்கவே இல்லை. இரண்டு வருஷமாக எந்த மரத்தைக் காட்டிக் காட்டி நாற்பது வீட்டையும் வாயடைத்தாளோ, அந்த மரம். எதை வைத்து வீரய்யாவைச் சிரிப்பாய்ச் சிரிக்க அடித்தாளோ, அந்த மரம். நாற்பது வாசலில் செருப்பைக் கழற்றி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, தெரிந்தே வைத்திருக்கிறான். வெற்றிலை வாங்கிக்கொண்டு வைத்திருக்கிறான். பக்கத்தில் நின்று அவள் "சட்டியோட வைங்க" என்று கத்தியிருக்கிறாள். எனக்குக் கெடுதல் பண்ணவில்லையாம்! அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"எனக்குப் பண்ணினதுதாண்டா பெரிய கெடுதல்" என்றாள். அழுகை வந்துவிட்டது.

அவன் காலைப் பிடித்தான். வறட்சி, மண் சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்றான். "நீ சொன்னா நம்புவாங்க அக்கா" என்றான். அவள் காலை உதறினாள். "நம்புவாங்கன்னுதாண்டா சொல்ல மாட்டேன்." பிறகு அவனும் அழுதான், ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டித் தானே சொல்வதாகச் சொன்னான். "நான்தான் போட்டேன், அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு என் வாயால சொல்றேன். செத்துப்போன அம்மா மேல சத்தியம்."

அன்றைக்கே போய் அவளே சொல்லியிருக்கலாம். நாற்பது வீடும் கூப்பிடு தூரம்தான். ஆனால் அம்மா மேல் சத்தியம் செய்துவிட்டானே. அவன் வாயால் வந்தால் அவனும் மனிதனாவான், தனக்கும் தம்பி திரும்பக் கிடைப்பான் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. இரண்டு நாள் காத்திருந்தாள். இரண்டு நாளும் வீரய்யா மிச்சமிருந்த தோடைக் கன்றுக்கு வாளியில் தண்ணீர் சுமந்தார். அவள் போய் வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். "ஊத்தாதீங்க மாமா, ஞாயித்துக்கெழம சொல்றேன்" என்றாள். அவர் ஒன்றும் விளங்காமல் தலையாட்டினார்.

ஞாயிறு காலை வீரய்யாவின் முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள். பாலம்மா விழுந்த கன்றின் சட்டியைக் கொண்டு வந்திருந்தாள், ஒரு பக்கம் மட்டும் பிளந்தது. எலுமிச்சங்காயைப் பிழிந்து நுரையைக் காட்டினாள். சட்டியில் சீமெந்து இருக்கிறது, எல்லாக் கன்றையும் இன்றைக்கே தோண்டிச் சட்டியை உடைத்து, சுற்றின வேரை வெட்டித் திரும்ப வைக்க வேண்டும், பாதியாவது பிழைக்கும் என்றாள். சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

வீரய்யாதான் கேட்டார். "சீமெந்த யாரு போட்டது?"

ராஜலிங்கம் வேலியோரம் நின்றான். எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. ராசியான கை, நாற்பது வாசலில் வெற்றிலை வாங்கிய கை, பின்னால் கட்டியிருந்தது. அவன் தொண்டையைச் செருமினான்.

"நான் கலக்குறவன், மாமா" என்றான். "அக்கா என்ன சொல்லுதோ அத கலக்குவேன். அக்கா கண்ணுல படாம ஒரு சிட்டிகை உள்ள போகாதுன்னு ஒங்களுக்கே தெரியும்."

அவள் சொல்லை எடுத்தே அவளை வெட்டினான். "டேய்!" என்றாள். "அப்ப நான் கண்டியிலல்லடா இருந்தேன்! அம்மா மேல சத்தியம் பண்ணினியேடா!"

"எல்லாம் என் கையால செஞ்சதுன்னு நீதானே சொன்ன, பாலம்மா?" என்றாள் ரத்தினம்மா. "இந்த இடத்துல நின்னுதான் சொன்ன."

ஆமாம், அங்கே நின்றுதான் சொன்னாள். பாலம்மா சட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பியிடம் போனாள். விளிம்பை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்தக் குழியில ஒன் விரல வைடா. எல்லாரும் பாக்கட்டும். வை!"

அவன் கட்டைவிரலை மடக்கிக் கையை இறுக மூடிக்கொண்டான். எல்லாரும் பார்த்தார்கள். யாரோ "அடப்பாவி" என்றார்கள். இரண்டு மூன்று பெண்கள் பாலம்மாவின் பக்கம் வந்து நின்றார்கள். நம்பிவிட்டார்கள் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

வீரய்யா மெதுவாக எழுந்து வந்தார். அவருக்குக் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஒண்ணு மட்டும் சொல்லு, புள்ள" என்றார். "தம்பி மரத்துல சட்டி இருக்கா?"

"இல்ல, மாமா."

"ஒன் மரத்துல?"

பொய் சொல்லலாம். கரைந்துபோனது என்று சொல்லலாம், யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்? அவள் சொன்னால் நம்புவார்கள் என்று தம்பியே சொன்னானே. பாலம்மா அவர் கண்ணைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.

பக்கத்தில் வந்து நின்ற பெண்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அவள் எதையோ சொன்னாள், தேத்தண்ணி போடப் போனேன் என்றாள், எனக்கே முந்தாநாள்தான் தெரியும் என்றாள். சொல்லச் சொல்ல அது அவள் காதுக்கே பொய்யாகக் கேட்டது.

"யாரு விரலா இருந்தா எங்களுக்கு என்ன?" என்றாள் ரத்தினம்மா. "ஒங்க ரெண்டு பேரு மரமும் நிக்குது. எங்க மரம் சாகுது. அதுக்கும் எங்க மனுசன்தான் தண்ணி ஊத்தலன்னு ஊரு முன்னாடி சிரிச்ச."

பாலம்மா வேலியில் சாத்தியிருந்த அலவாங்கை எடுத்தாள். தோடைக் கன்றின் பக்கம் போனாள். தோண்டியாவது கொடுக்கலாம், நாற்பது வீட்டிலும் தன் கையாலேயே தோண்டிக் கொடுக்கலாம் என்று நினைத்தாள். ரத்தினம்மா குறுக்கே வந்து நின்று அலவாங்கை வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டாள்.

"வேணாம். நாங்களே தோண்டிக்கிறோம். ஒங்க வீட்டுக் கை இனிமே எங்க மண்ணுல பட வேணாம்."

சனம் கலைந்தது. அவரவர் வீட்டிலிருந்து மண்வெட்டிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஒரு வீட்டுக்கும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் முற்றத்துக்கு வெளியே, பாதையில், சட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

ராஜலிங்கம் பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்தினான். "விடு அக்கா. கோவத்துல பேசுறாங்க. நாலு நாள்ல எல்லாம் கரஞ்சு போயிரும். வா, வீட்டுக்குப் போவோம்."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டிருந்தது. சட்டியை அவன் கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து அதைச் சுற்றி மூடினாள்.

"நீயே வச்சுக்க" என்றாள். "இது கரையாது."